அல்ஜீப்ரா 2 இன்னும் முடியல, எஸ்ஏடி மேத்ஸ் எப்ப எழுதலாம்? முடிவு பண்ண முழு வழிகாட்டி

ஆகஸ்ட்ல ஸ்கூல் திறந்ததும் எங்க ஏரியா அம்மாக்கள் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி இதுதான். "அக்கா, பையன் இப்பதான் அல்ஜீப்ரா 2 உள்ள போயிருக்கான், மார்ச் எஸ்ஏடிக்கு பேர் குடுத்துடலாமா, இல்ல ப்ரீகால்குலஸ் முடியட்டும்னு விட்டுடலாமா?" எஸ்ஏடிங்கறது அமெரிக்க காலேஜ் அட்மிஷனுக்கு எழுதற பரீட்சை, இங்க ஹைஸ்கூல் மேத்ஸ் பெரும்பாலும் அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீகால்குலஸ்னு வரிசையா போகும். நாங்க அமெரிக்கால டாலஸ் பக்கம் இருக்கோம், சனி ஞாயிறுல வீட்டு டைனிங் டேபிள்ல ஹைஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் சொல்லித்தர்றேன், இந்தக் கேள்விக்கு ஃபோன்ல பத்து நிமிஷத்துல பதில் சொல்லி முடிக்கவே முடியறதில்ல. அதனால முழுசா இங்க எழுதிடறேன், நிதானமா படிங்க, பிள்ளையையும் பக்கத்துல வச்சுக்கிட்டு படிச்சா இன்னும் நல்லது.

நான் சொல்லப்போற விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். கோர்ஸ் பேரை எண்ணாதீங்க, டாபிக்கை எண்ணுங்க. "அல்ஜீப்ரா 2 முடிச்சாச்சா"ன்னு கேட்டா பதில் ஆமா இல்லன்னு வரும், அத வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது. "பரீட்சைல வர்றதுல எத்தனை இவனுக்குத் தெரியும், தெரியாதது எத்தனை வாரத்துல வரும்"னு கேட்டா தேதி தானா விழுந்துடும்.

முதல்ல ஒரு பழைய குழப்பத்தைக் கழிச்சு விடுவோம்

"ப்ரீகால்குலஸ் முடிக்காம எழுதாத"ன்னு மாமா சித்தப்பா யாராவது சொல்லியிருப்பாங்க. அவங்க பொய் சொல்லல, அந்தக் காலத்துல எஸ்ஏடி சப்ஜெக்ட் டெஸ்ட்னு தனியா இருந்துச்சு, அதுல மேத் லெவல் 2 ப்ரீகால்குலஸ் படிச்சவங்களுக்கானது, லாக், ட்ரிக் கிராஃப் எல்லாம் வரும். அந்த டெஸ்டயே எஸ்ஏடி நடத்தற காலேஜ் போர்டு 2021ல நிறுத்திட்டாங்க. டெஸ்ட் போயிடுச்சு, அட்வைஸ் மட்டும் வாட்ஸாப்ல சுத்திக்கிட்டு இருக்கு.

அப்புறம் எஸ்ஏடியே மாறிடுச்சு. வெளிநாடுகள்ல 2023 மார்ச்லயும் அமெரிக்கால 2024 மார்ச்லயும் பேப்பர் போய் கம்ப்யூட்டர் வந்துச்சு, பேப்பர் காலத்துல இருந்த இமாஜினரி நம்பர் கணக்கெல்லாம் இப்ப இல்ல. லாகரிதம் கிடையாது, மேட்ரிக்ஸ் கிடையாது, ட்ரிக் ஐடென்டிட்டி நிரூபிக்கிற வேலை கிடையாது. ஸ்கூல் அல்ஜீப்ரா 2 புக்குல இருக்குற ஒரு நல்ல பங்கு எஸ்ஏடில வரவே வராதுங்கறத முதல்ல மனசுல வாங்கிக்கோங்க.

படி 1: பரீட்சைல என்ன இருக்கு, எந்த கிளாஸ்ல அது வருது

மேத்ஸ்ல மொத்தம் 44 கேள்வி. 22 கேள்வியா ரெண்டு மாட்யூல், ஒவ்வொண்ணுக்கும் 35 நிமிஷம். மார்க் 200ல இருந்து 800 வரைக்கும். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, கால்குலேட்டர் முழுக்க வச்சுக்கலாம், டெஸ்மோஸ் கிராஃபிங் கால்குலேட்டர் ஸ்க்ரீன்லயே இருக்கு. முக்கால்வாசி நாலுல ஒண்ணு தேர்ந்தெடுக்கறது, மீதி விடையை நாமளே டைப் பண்ணணும்.

பாடம் நாலு பாகம். அல்ஜீப்ரா 35 பர்சன்ட் கிட்ட, அட்வான்ஸ்டு மேத் இன்னொரு 35 பர்சன்ட் கிட்ட, டேட்டா, பர்சன்ட், ப்ராபபிலிட்டி மாதிரி விஷயங்கள் 15, ஜியாமெட்ரி ட்ரிக்னாமெட்ரி 15.

இதுல அல்ஜீப்ரான்னு சொல்றது லீனியர் சமாச்சாரம் முழுக்க, அதாவது ஒரு நேர்கோடு, ரெண்டு நேர்கோடு வெட்டிக்கறது, இன்ஈக்வாலிட்டி. இது அல்ஜீப்ரா 1 பாடம். டேட்டா பாகம் மிடில் ஸ்கூல்ல பாதி, அல்ஜீப்ரா 1ல பாதி, மார்ஜின் ஆஃப் எரர் (சர்வே முடிவு எவ்வளவு முன்னப்பின்ன போகலாம்ங்கறது) மாதிரி ஒண்ணு ரெண்டு விஷயம் நிறைய ஸ்கூல்ல யாருமே சரியா எடுக்கறதில்ல, அது எந்த கோர்ஸ் முடிச்சாலும் வராது, தனியாத்தான் படிக்கணும். ஜியாமெட்ரி பாகத்துல முக்கோணம், கோணம், பரப்பளவு, கன அளவு, செங்கோண முக்கோணத்துல சைன் காஸ் டேன், வட்டத்தோட ஈக்வேஷன், ரேடியன்.

மிச்சம் இருக்கற அந்த அட்வான்ஸ்டு மேத்தான் நம்ம பிரச்சனையே. குவாட்ராடிக் (எக்ஸ் ஸ்கொயர் வர்றது), எக்ஸ்பொனென்ஷியல், பாலினாமியல், ரூட் வர்ற ஈக்வேஷன், எக்ஸ் கீழ இருக்கற பின்னம், ஃபங்ஷன் நொட்டேஷன் (எஃப் ஆஃப் எக்ஸ்னு எழுதறது). குவாட்ராடிக், எக்ஸ்பொனென்ஷியல் ரெண்டுலயும் அடிப்படை அல்ஜீப்ரா 1 கடைசிலயே வந்துடும், ஆழமா அல்ஜீப்ரா 2லதான் போவாங்க. ஆக அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி ரெண்டும் ஒழுங்கா முடிச்ச பிள்ளைக்கு பரீட்சைல பாதிக்கு மேல ஏற்கெனவே கைல இருக்கு. இதைச் சொன்னாலே நிறைய அம்மாக்களுக்கு பாதி பயம் போயிடுது.

படி 2: ஸ்கூல் டீச்சர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க

இந்த வருஷம் எந்த மாசத்துல எந்த யூனிட் வருதுன்னு கேளுங்க. நிறைய டீச்சர்ஸ் வருஷ ஆரம்பத்துலயே ஒரு கேலண்டர் போட்டு வச்சிருப்பாங்க. சாதாரணமா அல்ஜீப்ரா 2ல முதல் செமஸ்டர்ல ஃபங்ஷன், குவாட்ராடிக், கொஞ்சம் பாலினாமியல், ரெண்டாவது செமஸ்டர்ல பின்னம், ரூட், எக்ஸ்பொனென்ஷியல், லாக், கடைசில நேரம் இருந்தா ட்ரிக். டிசம்பர் லீவுக்கு முன்னாடி குவாட்ராடிக் முடிஞ்சிடுச்சுன்னா எஸ்ஏடிக்கு அதுல வேணுங்கற பெரிய துண்டு கைக்கு வந்தாச்சு. லாகும் ட்ரிக் கிராஃபும் மே மாசம் வந்தா என்ன, வராட்டி என்ன, நமக்கு இந்தப் பரீட்சைக்கு அது தேவையே இல்ல.

கலிஃபோர்னியால சில டிஸ்ட்ரிக்ட்ல இன்டக்ரேட்டட் மேத் 1, 2, 3னு கலந்து எடுக்கறாங்க. அங்க கோர்ஸ் பேரை வச்சுக் கணக்குப் போட்டா சுத்தமா தப்பாயிடும், யூனிட் பேர் கேக்கறது அவங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம்.

படி 3: ஒரு முழு டெஸ்ட், அப்புறம் மூணு குவியல்

இந்தப் படிலதான் நிஜமான முடிவு இருக்கு, அவசரப்படாம செய்யுங்க.

ப்ளூபுக்னு காலேஜ் போர்டோட ஆப், உண்மையான பரீட்சையும் அதுலதான் நடக்குது, ப்ராக்டிஸ் டெஸ்டும் இலவசமா அதுலயே இருக்கு. ஒரு சனிக்கிழமை காலைல, சாப்பிட்டு முடிச்சு, ஃபோனை வேற ரூம்ல வச்சுட்டு, முழு டெஸ்டையும் எழுத விடுங்க. மேத்ஸ் மட்டும் போதும்னு சொல்லாதீங்க. ரீடிங் ரைட்டிங் 54 கேள்வி முதல்ல முடிச்சு 10 நிமிஷம் பிரேக் எடுத்து அதுக்கப்புறம்தான் மேத்ஸ் வரும், பிரேக் போக மொத்தம் 2 மணி 14 நிமிஷம், களைச்ச மூளையோட மேத்ஸ் போடறது எப்படின்னு தெரியணும் இல்லையா.

மார்க் வந்ததும் அதைப் பத்தி அன்னிக்கு பேசவேண்டாம். மறுநாள் தப்பான கேள்வி ஒவ்வொண்ணா எடுத்து பிள்ளையே மூணு குவியலா பிரிக்கணும். ஒண்ணு, "இது எனக்கு யாரும் சொல்லித்தரல". ரெண்டு, "படிச்சேன், மறந்துட்டேன்". மூணு, "தெரியும், ஆனா தப்பா போட்டுட்டேன்". பிரிக்கும்போது நீங்க குறுக்க பேசாதீங்க, பிள்ளைங்க இதுல ஆச்சரியமா நேர்மையா இருப்பாங்க.

என்கிட்ட வந்த ஒரு பொண்ணு, பத்தாவது படிச்சா, அல்ஜீப்ரா 2 நடுவுல இருந்தா. ஜனவரில எழுதின ப்ராக்டிஸ்ல மேத்ஸ் 600 கிட்ட. அப்பா மார்ச்லயே எழுதட்டும்னார், அம்மா பதினொண்ணாவது முடியட்டும்னாங்க, ரெண்டு பேரும் என் டேபிள்லயே சத்தமா பேச ஆரம்பிச்சுட்டாங்க, பொண்ணு தலை குனிஞ்சு நோட்டு ஓரத்தைக் கிழிச்சுக்கிட்டு இருந்தா. நான் அவங்கள ஹாலுக்கு அனுப்பிட்டு அவகிட்ட தப்பு 15 கேள்வியையும் குவியல் போடச் சொன்னேன். 7 சொல்லித்தராதது, 3 மறந்தது, 5 கைத்தவறு. அந்த 7லயும் பார்த்தா வேற வேற 7 டாபிக் இல்ல, நாலே நாலு டாபிக்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கு.

அதுல ஒரு கேள்வி இது. எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் வை ஸ்கொயர் மைனஸ் 6 எக்ஸ் ப்ளஸ் 8 வை ஈக்வல்ஸ் 11, இந்த வட்டத்தோட ரேடியஸ் என்ன? அவ ரூட் 11னு போட்டிருந்தா. "ஆன்ட்டி, வட்டம்னா வலது பக்கம் இருக்கறதுக்கு ரூட் எடுக்கணும்னு தெரியும், நடுவுல இந்த 6 எக்ஸ் எதுக்குன்னு தெரியல"ன்னா. அவளுக்கு வட்டம் தெரியும், கம்ப்ளீட்டிங் த ஸ்கொயர் தெரியாது. எக்ஸ் பக்கம் 6ல பாதி 3, அதோட ஸ்கொயர் 9 சேர்க்கணும், வை பக்கம் 8ல பாதி 4, ஸ்கொயர் 16 சேர்க்கணும், இடது பக்கம் சேர்த்தத வலது பக்கமும் சேர்த்தா 11 ப்ளஸ் 9 ப்ளஸ் 16, 36. ரேடியஸ் 6. இருபது நிமிஷம் ஆச்சு சொல்லிக்குடுக்க. அதுக்கப்புறம் அதே வித்தையை வச்சு பாரபோலாவோட உச்சிப்புள்ளி கண்டுபிடிக்கற இன்னொரு தப்பையும் அவளே சரி பண்ணிட்டா. "அல்ஜீப்ரா 2 முடியல"ன்னு ரெண்டு பேர் சண்டை போட்ட விஷயத்துல ஒரு பகுதி இருபது நிமிஷம்தான்!

இப்ப குவியலை எப்படிப் படிக்கறதுன்னு என் கணக்கைச் சொல்றேன். பல பிள்ளைங்களைப் பார்த்து நானா வச்சுக்கிட்ட கணக்கு இது, சட்டம் எல்லாம் இல்ல.

தப்புல பாதிக்கு மேல முதல் குவியல்னா, அந்த டாபிக் எத்தனைன்னு பாருங்க. நாலஞ்சு டாபிக்குன்னா ஆறு வாரத்துல வீட்லயே படிச்சுடலாம், கோர்ஸ் முடியக் காத்திருக்க வேணாம். எட்டு பத்து டாபிக்குன்னா, அதுவும் ஸ்கூல்ல அடுத்த ரெண்டு மூணு மாசத்துல வரப்போகுதுன்னா, காத்திருங்க. ஸ்கூல்ல தினமும் ஒரு மணி நேரம் டீச்சர் எடுத்து, ஹோம்வொர்க் போட்டு, டெஸ்ட் வச்சு சொல்லித்தர்ற அளவுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நாம சொல்லித்தந்துட முடியாது.

ரெண்டாவது குவியல் பெரிசுன்னா தள்ளிப்போடறது ஆபத்து. ஜியாமெட்ரி முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு வருஷம் தள்ளினா இன்னும் மறக்கும். மூணாவது குவியல் பெரிசுன்னா கோர்ஸ் முடியறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ப்ரீகால்குலஸ் முடிச்சாலும் அவன் மைனஸை விடத்தான் போறான். டைம் வச்சு ப்ராக்டிஸ் பண்ணிட்டு பக்கத்துல இருக்கற தேதிக்கு போடுங்க.

படி 4: முதல் மாட்யூல்ல எங்க இடறுதுன்னு பாருங்க

இந்த டெஸ்ட் ஆளைப் பார்த்து மாறும். முதல் மாட்யூல் எல்லாருக்கும் கலவையா வரும், அதுல நல்லா பண்ணினா ரெண்டாவது கஷ்டமானது வரும், இல்லன்னா சுலபமானது வரும். சுலபமான ரெண்டாவது மாட்யூல் வந்துடுச்சுன்னா அத்தனையும் சரியாப் போட்டாலும் மேல்மட்ட மார்க் எட்டாது. அதனால படிக்காத டாபிக் எந்த மாட்யூல்ல வந்து இடிக்குதுன்னு பாக்கணும்.

மேத்ஸ்ல ஒவ்வொரு மாட்யூலும் சுலபத்துல ஆரம்பிச்சு கடைசில கஷ்டமா போகும். முதல் மாட்யூல்ல 10ல இருந்து 16 வரைக்கும் உள்ள நடுத்தரக் கேள்விலயே "சொல்லித்தரல"ன்னு வந்தா அடிப்படைல ஓட்டை இருக்கு, தேதியைத் தள்ளுங்க. முதல் மாட்யூல் கிட்டத்தட்ட சுத்தமா இருக்கு, ரெண்டாவது கஷ்ட மாட்யூல்ல கடைசி நாலஞ்சு கேள்விலதான் அடி வாங்கறான்னா அவன் ரெடி. அந்தக் கடைசி நாலஞ்சு கேள்விக்காக ஒரு வருஷம் காத்திருக்கறது எனக்கு சரியாப் படல.

படி 5: விட்டுப்போன டாபிக்கை முந்திக்கிட்டு படிக்கறது

என் வரிசை இது. முதல்ல ஃபங்ஷன் நொட்டேஷன், ஏன்னா அது புரியாம வேற எதுவும் படிக்கவே முடியாது. அப்புறம் குவாட்ராடிக், மூணு வடிவமும், எந்த வடிவத்துல எது உடனே தெரியும்ங்கறதும். அதோட டிஸ்க்ரிமினன்ட், அதாவது பி ஸ்கொயர் மைனஸ் 4 ஏ சி, அது ஜீரோன்னா ஒரே விடை. 2 எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 8 எக்ஸ் ப்ளஸ் சி ஈக்வல்ஸ் ஜீரோவுக்கு ஒரே ஒரு விடைதான்னா சி எவ்வளவுன்னு கேப்பாங்க, 64 மைனஸ் 8 சி ஜீரோ, சி 8, அவ்ளோதான், ஆனா டிஸ்க்ரிமினன்ட்னு ஒண்ணு இருக்குறதே தெரியாத பிள்ளை அஞ்சு நிமிஷம் முட்டிக்கிட்டு நிக்கும். மூணாவது எக்ஸ்பொனென்ஷியல், வருஷத்துக்கு 3 பர்சன்ட் கூடுதுன்னா 1.03ஆல பெருக்கறதுங்கறது. நாலாவது வட்டமும் ரேடியனும். அஞ்சாவது சைன் காஸ் உறவு, ரெண்டு கோணமும் சேர்ந்து 90ன்னா ஒண்ணோட சைனும் இன்னொண்ணோட காஸும் ஒண்ணுதான். இது ஒரு வரி விஷயம், ஒரு கேள்வி அடிக்கடி வந்துடும். ரூட் ஈக்வேஷன், பின்ன ஈக்வேஷன் கடைசில.

எங்க படிக்கறதுன்னா கான் அகாடமில காலேஜ் போர்டோட சேர்ந்து போட்ட கோர்ஸே இலவசமா இருக்கு. அதைவிட நான் நம்பறது காலேஜ் போர்டோட கொஸ்டின் பேங்க். அதுல டாபிக் வாரியா, ஈஸி மீடியம் ஹார்டுனு பிரிச்சு எடுக்கலாம், ப்ளூபுக் ப்ராக்டிஸ் டெஸ்ட்ல வர்ற கேள்விகளை ஒதுக்கிட்டும் எடுக்கலாம், கட்டாயம் அப்படி ஒதுக்கியே எடுங்க, இல்லன்னா பின்னாடி எழுதற ப்ராக்டிஸ் மார்க்கை நம்பவே முடியாது.

டெஸ்மோஸ் பத்தி ஒரு வார்த்தை. மேல சொன்ன அந்த வட்டக் கேள்வியை அப்படியே டெஸ்மோஸ்ல டைப் பண்ணினா வட்டம் வரைஞ்சு காட்டிடும், உச்சிப்புள்ளி 3 கமா 2, அடிப்புள்ளி 3 கமா மைனஸ் 10, வித்தியாசம் 12, பாதி 6. படிக்காமயே விடை வந்துடுச்சு. படிக்காத டாபிக்குக்கு இது பெரிய கைத்தாங்கல், கட்டாயம் பழக்குங்க. ஆனா கஷ்ட மாட்யூல்ல நம்பருக்கு பதில் எழுத்தாவே குடுத்துடுவாங்க, ஏ, பி, கேன்னு, அங்க கிராஃப் போட்டா ஸ்லைடரை இழுத்துக்கிட்டே நேரம் போயிடும். டெஸ்மோஸால மட்டும் சரியான கேள்விகளை "தெரியும்"ங்கற கணக்குல சேர்க்காதீங்க, தனியா ஒரு டிக் போட்டு வைங்க.

படி 6: தேதி போடறது

ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சில தேதி, அப்புறம் மார்ச், மே, ஜூன். நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் மூணு ஏணில ஏதோ ஒண்ணுல இருப்பாங்க.

எட்டாவதுல அல்ஜீப்ரா 1, ஒன்பதுல ஜியாமெட்ரி, பத்துல அல்ஜீப்ரா 2. இங்க நம்மாளுங்க பிள்ளைங்க நிறைய பேர் இந்த ஏணிதான். இவங்களுக்கு பத்தாவது முடிஞ்சு வர்ற ஆகஸ்ட்தான் என் முதல் சாய்ஸ். பாடம் சூடா இருக்கு, சம்மர்ல பத்து வாரம் இருக்கு, ஸ்கூல் ஹோம்வொர்க் தொல்லை இல்ல. அதோட பதினொண்ணாவது அக்டோபர்ல எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி வருது, நேஷனல் மெரிட்ங்கற ஸ்காலர்ஷிப்புக்கு அந்த வருஷ மார்க் மட்டும்தான் எடுத்துக்குவாங்க, ஆகஸ்டுக்கு படிச்சது அப்படியே அதுக்கும் உதவும். பிஎஸ்ஏடில மேத்ஸ் 760க்கு, நேஷனல் மெரிட் செலக்‌ஷன் இன்டெக்ஸ்ல ரீடிங் ரைட்டிங் மார்க்கை ரெண்டு மடங்காக்கி மேத்ஸோட கூட்டி பத்தால வகுப்பாங்க, உச்சம் 228. மேத்ஸ்ல மட்டும் உட்கார்ந்திருக்கற வீட்ல இதைக் கொஞ்சம் கவனிங்க. அந்தப் பொண்ணுக்கும் நான் ஆகஸ்ட்தான் சொன்னேன், மார்ச்சும் இல்ல, ஒரு வருஷம் கழிச்சும் இல்ல.

ஒன்பதுல அல்ஜீப்ரா 1, பத்துல ஜியாமெட்ரி, பதினொண்ணுல அல்ஜீப்ரா 2. இதுல இருக்கறவங்கதான் உண்மையிலேயே "கோர்ஸ் முடியறதுக்கு முன்னாடி" எழுத வேண்டிய பிள்ளைங்க, ஏன்னா காலேஜ் அப்ளிகேஷன் காத்திருக்காது. எர்லி டெட்லைன், அதாவது முன்கூட்டியே அப்ளை பண்றவங்களுக்கான கடைசி நாள், நிறைய காலேஜ்ல நவம்பர் 1. அப்ப பன்னெண்டாவது அக்டோபர்தான் கடைசி, அதையே முதல் தடவையா வச்சுக்கக்கூடாது. டிசம்பர் லீவுல குவியல் டெஸ்ட் போடுங்க, பின்னம், எக்ஸ்பொனென்ஷியல் ரெண்டையும் ஜனவரி பிப்ரவரில முந்திப் படிங்க, குவியல் ஒத்துழைச்சா மார்ச், இல்லன்னா ஜூன். அப்புறம் ஆகஸ்ட் இன்னொரு தடவைக்கு. மே தேதி ஏபி பரீட்சை (ஹைஸ்கூல்லயே எடுக்கற காலேஜ் அளவு பாடங்களுக்கானது) சமயத்துல வந்து இடிக்கும், ரெண்டு மூணு ஏபி எடுக்கற பிள்ளைக்கு மே வேணாம்.

மூணாவது ஏணி, ஏழாவதுலயே அல்ஜீப்ரா 1, ஒன்பதுல அல்ஜீப்ரா 2 முடிச்ச பிள்ளைங்க. "பாடம் முடிஞ்சிடுச்சே, எழுதிடட்டும்"னு இவங்க வீட்லதான் ரொம்ப அவசரப்படறாங்க. மேத்ஸ் பாதிப் பரீட்சைதான். 14 வயசுல ரீடிங் ஒரு மாதிரி இருக்கும், 16ல வேற மாதிரி இருக்கும், அது வயசோடயும் படிச்ச புக்கோடயும் வளர்றது. இவங்க பத்தாவது கடைசில எழுதலாம். ஆனா நடுவுல பழசை விட்டுடக்கூடாது. ஏபி பாடமான பிசி கால்குலஸ்ல நல்ல மார்க் வாங்கற ஒரு பையன் என் டேபிள்ல உக்காந்து, விலையை 12 பர்சன்ட் குறைச்சு மறுபடி 12 பர்சன்ட் ஏத்தினா பழைய விலைதான்னு போட்டான். 0.88ஐ 1.12ஆல பெருக்கினா 0.9856, பழைய விலை வராது. டெரிவேடிவ் நிமிஷத்துல போடற பிள்ளை, பர்சன்ட் தொட்டு நாலு வருஷம் ஆச்சு. மேல மேல படிச்சதுனால மட்டும் எஸ்ஏடிக்கு ரெடின்னு ஆகாதுங்கறதுக்கு இதைவிட வேற உதாரணம் நான் பார்த்ததில்ல.

தேதி போடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, எந்த காலேஜுக்குன்னு பாருங்க. கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி சிஸ்டமும் கால் ஸ்டேட்டும் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) எஸ்ஏடி மார்க்கை அட்மிஷனுக்கு பாக்கறதே இல்ல. எம்ஐடி 2022ல மறுபடி கட்டாயமாக்கிட்டாங்க, மேத்ஸ்ல பிள்ளை தயாரா இருக்கான்னு தெரிய இது உதவுதுன்னு காரணமும் சொன்னாங்க. 2024ல டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக், எங்க டெக்சஸ் யூடி ஆஸ்டின் எல்லாம் வரிசையா மறுபடி கேக்க ஆரம்பிச்சாங்க. போற இடத்துல தேவையே இல்லாத பரீட்சைக்கு பிள்ளையோட சம்மரை எடுத்துக்காதீங்க.

படி 7: சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாமா?

இதுல என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. வேணாம். ப்ராக்டிஸ்ல எழுதறதும் அதே ஆப், அதே நேரம், அதே மாதிரி கேள்வி, இலவசம். அதுல தெரியாத எதை 68 டாலர் கட்டி நிஜப் பரீட்சைல தெரிஞ்சுக்கப் போறோம்? சில காலேஜ் எழுதின எல்லா மார்க்கையும் அனுப்பச் சொல்லும், ஜார்ஜ்டவுன் ரொம்ப வருஷமா அப்படித்தான் கேக்கறாங்க. நிறைய காலேஜ் சூப்பர்ஸ்கோர் பண்றாங்க, அதாவது வேற வேற தேதில வாங்கின நல்ல மேத்ஸையும் நல்ல ரீடிங்கையும் சேர்த்து எடுத்துக்குவாங்க, அதனால ரெண்டு மூணு தடவை எழுதறதுல தப்பில்ல, ஒவ்வொரு தடவையும் தயாராகி எழுதணும். என் அளவுகோல், கடைசி ரெண்டு ப்ராக்டிஸ்லயும் மேத்ஸ் நீங்க நினைக்கற மார்க்குக்கு 30 மார்க் பக்கத்துல வந்தா பேர் குடுங்க. ஒண்ணுல மட்டும் வந்தா பத்தாது.

இதைச் சொல்றதுக்கு பின்னாடி ஒரு வலி இருக்கு. பாதி பாடம் தெரியாம, அப்பா அம்மா கட்டாயத்துல ஒன்பதாவதுல எழுதி, வந்த மார்க்கைப் பார்த்து "எனக்கு மேத்ஸ் வராது"ன்னு முடிவு கட்டின பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். சொல்லித்தராததை எப்படி தெரிஞ்சிருக்க முடியும்? அந்த முடிவை மாத்த எனக்கு ரெண்டு வருஷம் ஆகும், மார்க்கை ஏத்த ரெண்டு மாசம் போதும்.

"அந்தப் பையன் மிடில் ஸ்கூல்லயே எழுதினானே"ன்னு கேப்பீங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஜூலியன் ஸ்டான்லி 1971ல ஆரம்பிச்ச ஆராய்ச்சில இருந்து வந்த பழக்கம் அது, சின்ன வயசுல அபூர்வமான மேத்ஸ் திறமை உள்ள பிள்ளைங்களை கண்டுபிடிக்க, அவங்களுக்கு யாரும் சொல்லித்தராத பரீட்சையை வேணும்னே குடுத்துப் பார்த்தாங்க. டெரன்ஸ் டாவோங்கற கணித மேதை 8 வயசுல மேத்ஸ்ல 760 வாங்கினது அந்த வகை. அங்க நோக்கமே வேற. காலேஜுக்காக எழுதற நம்ம பிள்ளைக்கு அந்தக் கணக்கைப் போடவேணாம்.

ஊர்ல இருந்து எழுதற பிள்ளைங்களுக்கு

சென்னை, கோவைல இருந்து எழுதறவங்க கோர்ஸ் ஏணி பத்தி கவலைப்படவேணாம். பத்தாவது முடிக்கும்போதே குவாட்ராடிக், கோஆர்டினேட் ஜியாமெட்ரி, சைன் காஸ் எல்லாம் வந்துடும், பதினொண்ணாவதுல ரேடியனும், சிபிஎஸ்இன்னா வட்டத்தோட ஈக்வேஷனும் வந்துடும். இடிக்கறது மூணு இடம். எக்ஸ்பொனென்ஷியல் வளர்ச்சிக் கணக்கு, சர்வே மார்ஜின் ஆஃப் எரர் மாதிரி டேட்டா கேள்வி, கிராஃபிங் கால்குலேட்டர் பழக்கம் இல்லாதது. இந்த மூணையும் ஒரு மாசம் பார்த்துட்டு, போர்டு எக்ஸாம் இல்லாத பதினொண்ணாவது முடிஞ்ச ஆகஸ்ட்ல எழுதிடுங்க. பன்னெண்டாவது டிசம்பர்ல ரிவிஷன் டெஸ்ட் நெருக்கடிக்கு நடுவுல இதையும் தூக்கி வைக்காதீங்க.

படி 8: மார்க் வந்தப்புறம்

ரிசல்ட் ரெண்டு வாரம் போல ஆகும். மொத்த மார்க்குக்கு கீழ நாலு பாகத்துக்கும் தனித்தனியா கட்டம் கட்டமா காட்டியிருப்பாங்க. அல்ஜீப்ரா, டேட்டா ரெண்டும் நிறைஞ்சு அட்வான்ஸ்டு மேத் மட்டும் காலியா இருந்தா ஸ்கூல் கோர்ஸ் முடிஞ்சு எழுதினாலே ஏறும், அடுத்த தேதி அல்ஜீப்ரா 2 முடியற ஜூனுக்கோ ஆகஸ்டுக்கோ போடுங்க. அல்ஜீப்ராவே காலியா இருந்தா எந்த மாசம் மறுபடி எழுதினாலும் அதே மார்க் வரும், மூணு மாசம் அல்ஜீப்ரா 1ஐ திரும்ப எடுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. நாலும் சமமா கொஞ்சம் கொஞ்சம் காலின்னா அது பெரும்பாலும் மூணாவது குவியல், டைம் வச்சுப் போடற ப்ராக்டிஸ்.

அந்தப் பொண்ணு ஆகஸ்ட்ல எழுதினா. ஜூன் ஜூலைல வாரத்துக்கு நாலு நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அவ்ளோதான் படிச்சா. அவளோட குவியல் நோட்டு இப்ப என்கிட்ட இருக்கு, புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு காட்ட அவளே குடுத்துட்டுப் போனா. முதல் பக்கத்துல 15 கேள்வி நம்பர், மூணு நிறப் பேனால. கடைசிப் பக்கத்துல, ஆகஸ்டுக்கு முந்தின வாரம் எழுதின டெஸ்டுக்கு, 4 நம்பர், எல்லாமே கைத்தவறு குவியல்ல.